ரோலண்ட் டிஆர்-08: ஹிப்-ஹாப்பும் டெக்னோவும் கிளை பிரிந்த இடத்தில் ஒரு டிரம் மெஷின்

ஹிப்-ஹாப்பும், டெக்னோ, ஹவுஸ் போன்ற மின்னணு நடன இசையும் ஒரே வேரிலிருந்து வளர்ந்தவை என்று சொன்னால், இரண்டில் ஒன்றை மட்டும் விரும்பிக் கேட்பவர்கள் எளிதில் நம்புவதில்லை. ஒன்று சொல்லை முன்னிறுத்துகிறது. மற்றொன்று பெரும்பாலும் சொல்லே இல்லாமல் மணிக்கணக்கில் ஓடுகிறது. ஒன்று தெருவின் பெயரையும் ஊரின் பெயரையும் சொல்லிப் பாடுகிறது. மற்றொன்று பாடுபவரின் முகத்தைக்கூடக் காட்டுவதில்லை. இந்த ஐயத்தைத் தீர்க்க நூல்களும் ஆவணப்படங்களும் ஏராளமாக இருந்தாலும், கையால் திருகிக் காதால் கேட்டே தெளிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு ரோலண்ட் நிறுவனத்தின் தாளத்தை மின்னணு முறையில் ஒலிக்கும் கருவியான டிஆர்-08 டிரம் மெஷினை நான் பரிந்துரைப்பேன். 2017இல் வெளிவந்த இக்கருவி, அதே நிறுவனம் 1980 முதல் 1983 வரை தயாரித்த டிஆர்-808இன் சிறு வடிவ மறுபதிப்பு. இசை தயாரிப்பதற்கான கருவி என்ற அளவில் இதற்குக் குறைகள் உண்டு. அவற்றைப் பிறகு சொல்கிறேன். ஆனால் இரண்டு பெரும் இசை மரபுகள் எதுவரை ஒன்றாக இருந்தன, எந்த இடத்தில் பிரிந்தன என்பதைக் காட்டும் கருவி என்ற அளவில் இதற்கு இணையான ஒன்றை நான் பயன்படுத்தியதில்லை.

முதலில் மூலக் கருவியைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதன் தோல்விதான் இந்தக் கதையின் தொடக்கம். 1980இல் டிஆர்-808 சந்தைக்கு வந்தபோது அதன் விலை 1,195 டாலர். அதே ஆண்டில் அமெரிக்காவில் அறிமுகமான லின் எல்எம்-1 என்ற டிரம் மெஷினின் விலை 4,995 டாலர். லின் கருவி உண்மையான டிரம் ஒலிகளைப் பதிவுசெய்து நினைவகத்தில் வைத்திருந்து அவற்றையே மீண்டும் ஒலித்தது. ஆகவே செலவு செய்யக்கூடிய ஒலிப்பதிவுக் கூடங்கள் அதை நாடின. 808 எதையும் பதிவுசெய்து வைத்திருக்கவில்லை. அதன் ஒலிகள் அனைத்தும் மின்சுற்றுகளிலேயே பிறந்தன. உண்மையான டிரம்மைப் போல அவை ஒலிக்கவில்லை என்பதே அன்று அதன்மீது சொல்லப்பட்ட பெரிய குற்றச்சாட்டு. ஏறக்குறைய 12,000 கருவிகளோடு தயாரிப்பு நின்றது. விற்காத கருவிக்கு என்ன நடக்குமோ அதுவே 808க்கும் நடந்தது: பழைய பொருள் விற்கும் கடைகளுக்கும் அடகுக் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே அதை மலிவாக வாங்கியவர்களில் பலர், ஸ்டுடியோவில் டிரம்மரை அமர்த்தப் பணம் இல்லாத, பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்கள். நியூயார்க், டெட்ராய்ட், சிகாகோ, மயாமி ஆகிய நகரங்களில் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே கருவி புழங்கியதற்கு ரசனை ஒற்றுமையைவிட விலை வீழ்ச்சிதான் பெரிய காரணம் என்பது என் கருத்து.

டிஆர்-08ஐ எடுத்து மேசையில் வைத்தால், மூலக் கருவியின் முகப்பைக் குறுக்கி அச்சிட்டது போலவே இருக்கிறது. ஏறக்குறைய 50 செ.மீ. அகலமும் 5 கிலோ எடையும் கொண்டிருந்த 808இன் இடத்தில், 30 செ.மீ. அகலமும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையும் கொண்ட உலோக முகப்புப் பெட்டி. கீழ்வரிசையில் பதினாறு பொத்தான்கள், நான்கு நான்காக, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை நிறங்களில். நான்கு தட்டுகளை ஒவ்வொன்றும் நான்காகப் பிரித்தால் வருவது பதினாறு. கர்நாடக இசை கற்றவர்களுக்கு இது சதுஸ்ர நடை என்று உடனே விளங்கிவிடும். எந்தப் பொத்தானை அழுத்தி வைக்கிறோமோ அந்த இடத்தில் தேர்ந்தெடுத்த ஒலி விழும். பேஸ் டிரம், ஸ்னேர், டாம்கள், கைதட்டல், கௌபெல், சிம்பல், திறந்த ஹை-ஹேட், மூடிய ஹை-ஹேட் என ஒவ்வொன்றையும் ஒரு திருகால் தேர்ந்தெடுத்து, இந்தப் பதினாறு இடங்களில் வேண்டியவற்றை ஏற்றிவிட்டு, ஓடவிட வேண்டியதுதான். கருவி இசை தெரியாதவரும் சில நிமிடங்களில் ஒரு தாளக்கட்டை ஓடவைத்துவிட முடியும். இந்த எளிமை பின்னால் வரப்போகும் வரலாற்றுக்கு மிகவும் முக்கியம், ஏனெனில் இரண்டு மரபுகளின் முன்னோடிகளிலும் பெரும்பாலோர் கருவி வாசித்துப் பழகியவர்கள் அல்லர். இசைத்தட்டு சுழற்றிப் பழகிய டிஜேக்கள்.

ஒலியின் பிறப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 808இன் பேஸ் டிரம் என்பது ஒரு சிறு மின்துடிப்பால் தட்டப்பட்டு, ஏறக்குறைய 50 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்ந்து, மெல்ல அடங்கும் ஒரு சுற்று. ஹை-ஹேட்டும் சிம்பலும் ஆறு சதுர அலை ஆஸிலேட்டர்களின், அதாவது அதிர்வை உண்டாக்கும் சுற்றுகளின், கலவையை வடிகட்டி எடுக்கப்பட்டவை. அந்த ஆறில் இரண்டை மட்டும் தனியே எடுத்தால் உலகம் முழுவதும் அடையாளம் தெரியும் அந்தக் கௌபெல் கிடைக்கிறது. உண்மையான மணியோடு அதற்கு எந்த உறவும் இல்லை. கைதட்டல், இரைச்சலை அடுத்தடுத்து மிகச் சிறு வெடிப்புகளாக வெட்டிச் செய்தது. ரோலண்டின் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷி, மற்றவர்கள் ஒதுக்கிவிடும் குறையுள்ள டிரான்சிஸ்டர்களை வேண்டுமென்றே வாங்கி, அவற்றின் சீறலை இந்தக் கருவியில் பயன்படுத்தியதாகப் பிற்காலத்தில் சொன்னார். குறைக்கடத்தித் தயாரிப்பு மேம்பட்டு அப்படிப்பட்ட டிரான்சிஸ்டர்கள் கிடைக்காமல் போனதும் 808இன் தயாரிப்பும் நின்றது என்பது அவர் தந்த விளக்கம். டிஆர்-08 வெளியான அதே 2017இன் ஏப்ரல் மாதத்தில் அவர் காலமானார்.

புதிய கருவியில் அந்த மின்சுற்றுகள் இல்லை. அவற்றின் ஒவ்வொரு பகுதியும் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணித்து ஒலியைக் கணத்துக்குக் கணம் உருவாக்கும் டிஜிட்டல் முறை இதில் உள்ளது. பதிவுசெய்த ஒலித்துண்டுகளை மீண்டும் ஒலிக்கும் முறை அன்று இது. ஆகவே திருகைத் திருப்பும்போது ஒலியின் உடம்பே மாறுகிறது. அனலாக் பிடிவாதக்காரர்கள் இதை ஏற்க மாட்டார்கள். நல்ல ஒலிபெருக்கியில் தனியாக ஒலிக்கவிட்டு நுணுகிக் கேட்டால் அவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கலாம்; பிற கருவிகளோடு சேர்ந்து ஒலிக்கும்போது அந்த நியாயம் என் காதுக்கு எட்டவில்லை.

இனி இந்தக் கருவியை நான் பரிந்துரைக்கும் உண்மையான காரணத்துக்கு வருகிறேன். வேகத்தை நிமிடத்துக்கு 124 தட்டு என்று வையுங்கள். பேஸ் டிரம்மை 1, 5, 9, 13 ஆகிய இடங்களில் போடுங்கள். கைதட்டலை 5, 13இல் வையுங்கள். திறந்த ஹை-ஹேட்டை 3, 7, 11, 15இல் வையுங்கள். பேஸ் டிரம்மின் டிகே என்ற திருகை, அதாவது அதன் ஒலி எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் திருகை, இடப்பக்கம் முழுவதுமாகத் திருப்பிவிடுங்கள். ஓடவிட்டால் கேட்பது சிகாகோ ஹவுஸ் இசையின் எலும்புக்கூடு: குட்டையான, வறண்ட, விடாமல் நடக்கும் அடி. இப்போது கருவியை நிறுத்தாமலேயே பேஸ் டிரம்மின் 5, 9, 13ஐ அணைத்துவிட்டு 4, 11 ஆகிய இடங்களில் ஏற்றுங்கள். வேகத்தை 90க்குக் குறையுங்கள். டிகே திருகை வலப்பக்கம் கொண்டுபோங்கள். அடி ஒவ்வொன்றும் நீண்டு, தரையில் பரவி, அடுத்த அடி வரும்வரை இடத்தை நிரப்புகிறது. அதன்மேல் ஒருவர் பேசத் தொடங்கினால் அது ஹிப்-ஹாப். கைதட்டலை நாம் தொடவே இல்லை. அது இரண்டிலும் ஒரே இடத்தில், இரண்டாவது, நான்காவது தட்டுகளில், அப்படியே இருக்கிறது.

இரண்டு மரபுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தின் பெரும்பகுதி இந்த இரண்டு திருகுகளும் சில பொத்தான்களும்தான் என்பதைக் காது நேரடியாக உணரும்போது, உறவு என்பது வரலாற்றாசிரியர் சொல்லும் செய்தியாக இல்லாமல் கைக்குள் வந்துவிடுகிறது. கணினி மென்பொருளிலும் இதைச் செய்யலாம் என்று யாரேனும் சொல்லக்கூடும். செய்யலாம். ஆனால் மென்பொருளில் ஆயிரம் ஒலிகள் ஆயிரம் பெயர்களோடு வரிசையாக இருக்கின்றன. ஹிப்-ஹாப் ஒலிகள் ஓர் உறையிலும் டெக்னோ ஒலிகள் இன்னோர் உறையிலும் முன்கூட்டியே பிரிக்கப்பட்டுக் கிடக்கின்றன. பிரிவினை முடிந்த பிறகு வருகிறவருக்கு, பிரிவதற்கு முன் எப்படி இருந்தது என்பது அங்கே தெரியாது.

இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் ஒரு புள்ளி இருக்கிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 127 தட்டு வேகத்தில் டிஆர்-08ஐ ஓடவிட்டு, பேஸ் டிரம்மைச் சீராக நான்கு அடியாக வைக்காமல் உடைத்து வைத்து, கௌபெல்லையும் சேர்த்தால் அந்தப் புள்ளியின் அருகே வந்துவிடலாம். அது 1982இல் டாமி பாய் நிறுவனம் வெளியிட்ட, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி டிஜே ஆஃப்ரிகா பம்பாட்டாவும் சோல்சோனிக் ஃபோர்ஸ் குழுவும் பாடிய 'பிளானெட் ராக்'. தயாரிப்பாளர் ஆர்தர் பேக்கர். கீபோர்டு ஜான் ரோபி. ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரைச் சேர்ந்த கிராஃப்ட்வெர்க் குழு 1977இல் வெளியிட்ட 'டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்' பாடலின் மெட்டையும், அதே குழுவின் 1981ஆம் ஆண்டு 'நம்பர்ஸ்' பாடலின் தாளப் போக்கையும் எடுத்துக்கொண்டு, பிராங்ஸ் இளைஞர்களின் சொற்கட்டை அதன்மேல் ஏற்றினார்கள். அவர்களிடம் சொந்தமாக 808 இல்லை. வில்லேஜ் வாய்ஸ் இதழில் வந்த சிறு விளம்பரம் ஒன்றைப் பார்த்து, கருவியையும் அதை இயக்கத் தெரிந்தவரையும் 20 டாலருக்கு அமர்த்திக்கொண்டதாக பேக்கர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த வேகத்தில் சொல்லடுக்குவது பாடகர்களுக்குச் சிரமமாக இருந்ததால், தாளம் இரண்டாம் காலத்தில் ஓட, சொற்கள் முதல் காலத்தில் நடப்பது போன்ற ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். இன்றைய டிராப் (trap) என்ற ராப் வகைப் பாடல்களில் ஹை-ஹேட் 140இல் படபடக்க, சொல் 70இல் நிதானமாக வருகிறதே, அந்த உத்தியின் முன்மாதிரியை இங்கேயே பார்க்கலாம். என்னைக் கேட்டால், இந்தப் பாட்டை ஹிப்-ஹாப் என்று எடுத்துக்கொள்பவரும் மின்னணு நடன இசை என்று எடுத்துக்கொள்பவரும் ஒரே அளவுக்குச் சரி.

டெட்ராய்ட்டில் இதே வேலை வேறு கைகளில் நடந்தது. ஹுவான் அட்கின்ஸ், ரிக் டேவிஸ் இருவரும் சேர்ந்த சைபோட்ரான் 1981இலேயே முதல் இசைத்தட்டை வெளியிட்டுவிட்டது. அந்நகர வானொலியில் 'எலக்ட்ரிஃபையிங் மோஜோ' என்ற பெயரில் நிகழ்ச்சி நடத்தியவர் கிராஃப்ட்வெர்க்கையும் பார்லிமென்ட்-ஃபங்கடெலிக்கையும் பிரின்ஸையும் ஒரே இரவில் மாற்றி மாற்றி ஒலிபரப்பியதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. சைபோட்ரான் 1983இல் வெளியிட்ட 'கிளியர்', பிளானெட் ராக்கின் நெருங்கிய உறவினர் என்றே சொல்லலாம். பின்னர் அட்கின்ஸும் அவருடைய பள்ளி நண்பர்களான டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகியோரும் செய்தவற்றுக்கு டெக்னோ என்ற பெயர் நிலைத்தது. அதே 'கிளியர்' 2005இல் மிஸி எலியட்டின் 'லூஸ் கன்ட்ரோல்' என்ற ஹிப்-ஹாப் வெற்றிப் பாடலுக்கு அடித்தளமானது. அந்தப் பாட்டுக்கு ஆடியவர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் ஆடுவது டெட்ராய்ட் டெக்னோவின் தொடக்க கால இசைத்தட்டு ஒன்றுக்கு என்று தெரிந்திருக்கும்?

கருவியைப் புகழும் ஆர்வத்தில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. வேர் 808இல் தொடங்கவில்லை. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து பிராங்ஸில் வளர்ந்த கூல் ஹெர்க், 1973 ஆகஸ்டு 11 அன்று செட்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில் நடத்திய விருந்து ஹிப்-ஹாப்பின் பிறந்த நாளாகக் கொண்டாடப்படுகிறது. பாட்டில் குரல் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் இடைவெளியைத்தான் கூட்டம் விரும்புகிறது என்று கண்டு, அந்த இடைவெளியையே நீட்டிக்கொண்டே போனது அவருடைய கண்டுபிடிப்பு. அதே ஆண்டுகளில் மன்ஹாட்டனின் டிஸ்கோ கூடங்களிலும் இரண்டு டர்ன்டேபிள்களை வைத்துக்கொண்டு, பாட்டு முடியவிடாமல் ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டிருந்தார்கள். பாட்டைத் துண்டாக்கி, தாளப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, ஆடுகிறவர் நிற்கும்வரை நீட்டுவது என்பதே இரண்டுக்கும் பொதுவான முதல் செயல். 1979இல் முதல் பெரிய ராப் வெற்றியாக வந்த 'ராப்பர்ஸ் டிலைட்' கூட ஷிக் என்ற டிஸ்கோ குழுவின் 'குட் டைம்ஸ்' பாடலின் அடித்தளத்தை ஸ்டுடியோவில் மீண்டும் வாசித்து அதன்மேல் பேசியதுதான்.

அதே 1979இன் ஜூலை 12 அன்று சிகாகோவின் கமிஸ்கி பார்க் பேஸ்பால் அரங்கில், வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் தலைமையில், டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். பெரிய நிறுவனங்கள் டிஸ்கோவிலிருந்து விலகத் தொடங்கின. இசைக்குழுக்களை அமர்த்திச் செய்த செழுமையான தட்டுகள் வருவது குறைந்தபோது, ஃபிராங்கி நக்கிள்ஸ் போன்ற சிகாகோ டிஜேக்கள் பழைய தட்டுகளின் அடியில் டிரம் மெஷினை ஓடவிட்டு ஆட்டத்தைக் காப்பாற்றினார்கள். அவர் இசைத்த வேர்ஹவுஸ் என்ற கூடத்தின் பெயரிலிருந்தே ஹவுஸ் என்ற பெயர் வந்தது. கமிஸ்கி பார்க்கில் அன்று இருக்கை காட்டும் வேலையிலிருந்த வின்ஸ் லாரன்ஸ் என்ற இளைஞர், பின்னர் ஜெஸி சாண்டர்ஸுடன் சேர்ந்து 1984இல் 'ஆன் அண்ட் ஆன்' என்ற இசைத்தட்டை உருவாக்கினார். இசைத்தட்டாக வந்த ஹவுஸ் படைப்புகளில் முதல் சிலவற்றுள் ஒன்று அது. அதில் ஒலிப்பது 808. டிஆர்-08இல் கைதட்டலை மட்டும் தனியே ஒலிக்கவிட்டுக் கேட்டால், அந்தக் காலத்து இசைத்தட்டுகள் பலவும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வருகின்றன. எது ஹிப்-ஹாப், எது ஹவுஸ் என்று அந்த ஒற்றைத் தட்டிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

பிரிவு எங்கே தொடங்கியது என்றால், என் கணிப்பில், டிகே திருகில்தான். 1983இல் ரோலண்ட் டிஆர்-909 என்ற அடுத்த டிரம் மெஷினை வெளியிட்டது. அதன் பேஸ் டிரம் இன்னும் இறுக்கமாகவும் மார்பில் குத்துவதாகவும் இருந்தது. சிம்பல்களும் ஹை-ஹேட்டும் பதிவுசெய்த ஒலிகள். 808இல் இல்லாத, தாளத்தைச் சற்றே ஊசலாடவைக்கும் ஷஃபிள் வசதியும், மின்னணுக் கருவிகளை ஒன்றோடொன்று இயக்க உதவும் மிடி இணைப்பும் வந்திருந்தன. ஹவுஸும் டெக்னோவும் படிப்படியாக 909ஐத் தங்கள் அடியாக எடுத்துக்கொண்டன. நக்கிள்ஸ் தம்முடைய 909ஐ டெட்ராய்ட்டின் டெரிக் மேயிடமிருந்து வாங்கினார் என்பது இரு நகரங்களின் உறவைப் பற்றி விரும்பிச் சொல்லப்படும் செய்தி. ஹிப்-ஹாப் 808ஐ விடவில்லை. தயாரிப்பாளர் ரிக் ரூபின் 1984இல் டி லா ராக் என்ற ராப்பரின் 'இட்ஸ் யுவர்ஸ்' பாடலில் அந்த நீண்ட அடியை முன்னுக்குக் கொண்டுவந்தார். மயாமிக்காரர்கள் அதையே கார் ஒலிபெருக்கிகளைச் சோதிக்கும் கலையாக்கினார்கள். அட்லாண்டாக்காரர்கள் அதைப் பதிவுசெய்த ஒலிகளை வாசிக்கும் கருவியான சாம்ப்ளரில் ஏற்றிச் சுருதி மாற்றி வாசித்து, பேஸ் டிரம்மையே பேஸ் கிட்டாராக மாற்றிவிட்டார்கள். இன்று ராப் இசையில் 808 என்று சொன்னால் கருவியைக் குறிப்பதில்லை, அந்த நீண்ட தாழ்ஒலியைத்தான் குறிக்கிறது. 2010களின் தொடக்கத்தில் நடன இசைக்காரர்கள் அட்லாண்டாவின் இந்த ஒலியை மீண்டும் கடன்வாங்கித் தங்கள் மேடைகளில் முழங்கவிட்டார்கள்.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றையும் இங்கே சொல்லலாம். பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல், ஒரு 808ஐயும் ஒரு டிபி-303 பேஸ் கருவியையும் ஜுபிடர்-8 சிந்தசைசரையும் வைத்துக்கொண்டு, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவுசெய்தார். அன்று அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2010இல் மறுவெளியீடு வந்தபோது, 1987இல் சிகாகோவில் பிறந்ததாகக் கருதப்படும், ஹவுஸின் கிளையான ஆசிட் ஹவுஸின் ஒலி அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே அங்கே இருப்பதைக் கேட்டு மேற்கத்திய ரசிகர்கள் வியந்தார்கள். அவருக்குச் சிகாகோவோடு எந்தத் தொடர்பும் இல்லை; இரு இடத்திலும் அதே கருவிகள் இருந்தன, அவ்வளவே. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இளமையின் ஒரு பகுதியைக் கழித்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005இல் வெளியிட்ட 'அருளர்' தொகுப்பின் தொடக்க முயற்சிகளை ரோலண்டின் எம்சி-505 என்ற கருவியில்தான் செய்தார். 808, 909 ஒலிகளையெல்லாம் ஒரே பெட்டியில் வைத்திருந்த கருவி அது. அந்தத் தொகுப்பை ராப் அடுக்கில் வைப்பதா நடன இசை அடுக்கில் வைப்பதா என்று விமர்சகர்கள் தடுமாறியதில் வியப்பில்லை.

இப்போது குறைகள். திருகுகள் மிகச் சிறியவை, நெருக்கமாகவும் உள்ளன. விரல் பருத்தவர்கள் ஸ்னேரின் திருகைத் திருப்பப்போய்ப் பக்கத்துத் திருகையும் சேர்த்துத் திருப்பிவிடுவார்கள், மேடையில் இருட்டில் இன்னும் எளிதாக. மூலக் கருவியில் ஒவ்வொரு ஒலிக்கும் தனி வெளியீட்டுத் துளை இருந்தது. ஸ்டுடியோக்காரர்கள் பேஸ் டிரம்மை ஒரு வழியிலும் ஸ்னேரை இன்னொரு வழியிலும் அனுப்பித் தனித்தனியே பதப்படுத்த முடிந்ததற்கு அதுவே காரணம். டிஆர்-08இல் அந்த வரிசை இல்லை. சிறிய ஸ்டீரியோ துளை ஒன்றுதான். யூஎஸ்பி வழியாகக் கணினியோடு இணைத்தால் ஒலிகளைத் தனித் தடங்களாகப் பதிவுசெய்யலாம் என்பது ஈடு, ஆனால் கணினியே வேண்டாம் என்றுதானே பலர் இப்படிப்பட்ட பெட்டியை வாங்குகிறார்கள். ஒலிகளின் சுருதி, அளவு, இடவலப் பரவல் போன்றவற்றை மாற்றும் புதிய வசதிகளும், பேஸ் டிரம்முக்கும் ஸ்னேருக்கும் ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரெசரும் உண்டு; அவை முகப்பில் தனித் திருகுகளாக இல்லாமல் பொத்தான் கூட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் அவற்றைத் தேடுவது எரிச்சலூட்டும்.

அட்லாண்டா பாணியில் பேஸ் டிரம்மைச் சுருதி மாற்றி மாற்றி ஒரு மெட்டாக வாசிக்க விரும்புகிறவர்களுக்கு இது ஏற்ற கருவி இல்லை. அவர்களுக்கு சாம்ப்ளரோ மென்பொருளோதான் சரி. அதே சமயம் ஒற்றைத் தட்டைப் பல சிறு தட்டுகளாக உடைக்கும் துணை-ஸ்டெப் வசதி, இன்றைய ஹை-ஹேட் உருட்டல்களுக்கு மூலக் கருவியைவிட இதை நெருக்கமாக்குகிறது. மிடி இணைப்பும், பழைய அனலாக் கருவிகளைத் தட்டிவிட ஒரு டிரிகர் துளையும், நான்கு ஏஏ பேட்டரிகளில் ஓடும் வசதியும் உள்ளன. பேட்டரி வசதியை நான் முதலில் விளையாட்டாகத்தான் நினைத்தேன். மொட்டைமாடிக்கு எடுத்துச்சென்று ஹெட்ஃபோனோடு உட்கார முடிகிறது என்பது பழகிய பிறகு பெரிய வசதியாகவே தெரிகிறது.

மாற்று எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது. 2018இல் வந்த ரோலண்டின் டிஆர்-8எஸ், 808, 909 இரண்டின் ஒலிகளையும் தந்து, சொந்த ஒலிகளை ஏற்றிக்கொள்ளவும் இடம்தந்து, தனி வெளியீடுகளோடும், ஒலியளவை ஏற்றி இறக்கும் நீண்ட ஃபேடர்களோடும் வருகிறது. மேடையில் வாசிக்கிறவர்கள் கூடுதல் பணம் கொடுத்து அதையே வாங்க வேண்டும். பெஹ்ரிங்கரின் ஆர்டி-8 உண்மையான அனலாக் சுற்றுகளோடும் பெரிய திருகுகளோடும் வருகிறது. மேசையில் இடம் இருப்பவர்கள் அதைக் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவுசெய்யட்டும். மூலக் கருவியே வேண்டும் என்றால் இன்று பல ஆயிரம் டாலர் கேட்கிறார்கள். அடகுக் கடைக் காலம் போய் வெகுநாளாயிற்று. டிஆர்-08இன் அறிமுக விலை அமெரிக்காவில் 400 டாலரை ஒட்டி இருந்தது. இங்கே வாங்குகிறவர்கள் இறக்குமதி வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பாட்டை முழுதாகத் தயாரித்து வெளியிடுவது மட்டுமே நோக்கமாக இருப்பவர்கள் இந்தப் பணத்தை மென்பொருளில் போடலாம். இசையைக் கேட்பதில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டு, கேட்பது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று அறிய ஆசைப்படுகிறவர்கள் இதை வாங்கலாம்; இசைப் பள்ளியோ கல்லூரி இசைக்குழுவோ வாங்கி வைத்தால் இன்னும் நல்லது. வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ளட்டும்: மடிக்கணினியின் சிறு ஒலிபெருக்கியோ கைப்பேசியோ 50 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலியை வெளிப்படுத்தாது, ஆகவே டிகே திருகை எவ்வளவு திருப்பினாலும் அவற்றில் பெரிய வேறுபாடு கேட்காது. நல்ல மூடிய ஹெட்ஃபோனோ, குறைந்தது 8 அங்குல ஒலிபெருக்கியோ இல்லாதவர்கள், கருவிக்கு முன் அதை வாங்குவதே முறை.